டையிங் மாஸ்டருக்கு சுவிட்ச் போட மட்டும்தான் தெரியுமா?

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். நான் வக்கீல் இல்லை. கெமிஸ்ட்ரிக்கு ப்ளஸ் டூவோடு பெரிய கும்பிடு போட்டவன். படித்தது இ.சி.இ., சோறு போடுவது பெங்களூரில் பொட்டி தட்டும் வேலை. பேட்டன்ட் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, பிறந்து வளர்ந்தது திருப்பூர் என்பதும், எங்க சித்தப்பா 30 வருஷத்துக்கு மேல சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருப்பதும்தான். கூடவே கொஞ்சம் கோபமும் இருக்கு. அந்தக் கோபத்தில்தான் இந்தப் பதிவு.

போன மாசம் அவிநாசியில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் காலேஜ் நண்பன் ஒருத்தன். அவனும் இ.சி.இ.தான், ஆனா இப்போ பேட்டன்ட் விண்ணப்பங்களை அலசிக் கொடுக்கும் வேலையில் இருக்கான். என்னடா வேலைன்னு கேட்டேன்.

"சிம்பிள் மச்சி. ஒரு ப்ராசஸுக்கு பேட்டன்ட் கேட்டு வர்றாங்கன்னா, அந்தத் தொழில் தெரிஞ்சவனுக்கு அது தானாவே தோணக்கூடியதான்னு பார்ப்போம். தோணும்னா அவுட்."

"அப்ப சாய விஷயம்னா எங்க சித்தப்பாகிட்ட கேட்டாப் போதுமே."

சிரிச்சான். "அவரெல்லாம் அந்தக் கணக்குல வரமாட்டார்டா. அவர் ஆபரேட்டர். ரெசிபியப் பார்த்து மெஷின ஓட்டறவர். தொழில் தெரிஞ்சவர்னா எம்.டெக்., பிஎச்.டி. அந்த மாதிரி."

சித்தப்பா எதிர் வரிசையில் ரசத்துக்கு சோற்றில் குழி பண்ணிட்டு இருந்தார். காதில் விழுந்ததான்னு தெரியலை. விழுந்திருந்தாலும் சொல்ல மாட்டார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. தேடித் தேடிப் படிச்சேன். படிச்சதும் தெரிஞ்சது, நண்பன் சொன்னது அவன் சொந்தச் சரக்கு இல்லை. இதே வாதத்தை ஒரு பெரிய ஜெர்மன் சாயக் கம்பெனி அமெரிக்க கோர்ட்டிலேயே வைத்திருக்கிறது!

கேஸுக்குப் போகும் முன் சட்டம் ரெண்டு வரி. நம்ம 1970 பேட்டன்ட் சட்டத்தில் பிரிவு 2(1)(ஜேஏ) என்று ஒன்று. கண்டுபிடிப்பு என்றால் ஏற்கெனவே இருக்கிற அறிவைத் தாண்டிய தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, ரெண்டுமோ இருக்கணும்; அதோட, அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது சட்டுனு தோணக்கூடியதா இருக்கக் கூடாது. இந்தத் 'தேர்ந்த ஒருவர்' ரேஷன் கார்டில் பெயர் உள்ள ஆள் இல்லை. கோர்ட் கற்பனையில் உருவாக்கிக்கொள்ளும் ஆள். சண்டை முழுக்க அங்கேதான். அந்த ஆளை முட்டாளாக வரைஞ்சா, உலகத்தில் எதுவுமே அவருக்குத் தோணாது, எல்லாத்துக்கும் பேட்டன்ட் கொடுக்கலாம். மேதையாக வரைஞ்சா எல்லாமே தோணும், எதுக்கும் கொடுக்க முடியாது. ஆக, ஒரு செய்முறை கண்டுபிடிப்பா இல்லையா என்ற கேள்வி, பாதிக்கு மேல் 'அந்த ஆள் யார்?' என்ற கேள்விதான்.

சரி, கேஸுக்கு வருவோம். டைஸ்டார் எதிர் சி.எச். பேட்ரிக், 2006 அக்டோபர், அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் அப்பீல் கோர்ட். டைஸ்டார் பேரை திருப்பூர்க்காரங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. (2010-ல் குஜராத்தின் கிரி கம்பெனியும் சீனாவின் லாங்ஷெங்கும் சேர்ந்து அதை வாங்கினது தனிக்கதை. அதுக்கப்புறம் அவங்களுக்குள்ள சிங்கப்பூரில் நடந்த கோர்ட் சண்டை அதைவிடப் பெரிய கதை.)

விஷயம் இண்டிகோ. ஜீன்ஸ் நீலம். நம்ம பனியன் துணிக்குப் போடுற ரியாக்டிவ் சாயம் மாதிரி இது தண்ணியில் கரையாது. அதனால் முதலில் அதை ஒடுக்கி, 'லூக்கோ' என்ற கரையும் வடிவத்துக்கு மாத்தணும். அந்தத் தண்ணி பார்க்க மஞ்சள் கலந்த பச்சையா இருக்கும். நூலை அதில் முக்கி வெளியே எடுத்தால் காத்துப் பட்டு மறுபடி நீலமாகும். ஒடுக்குவதற்கு வழக்கமா காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் போடுவாங்க. ஹைட்ரோஸ் போட்டால் கழிவுத் தண்ணியில் உப்பு ஏறும். அதுக்குப் பதில் வினையூக்கி வைத்து ஹைட்ரஜன் வாயுவால் ஒடுக்கினால் அந்தத் தொல்லை குறைவு.

டைஸ்டார் கையில் இருந்த 1996-ம் வருஷத்து அமெரிக்க பேட்டன்ட் சொன்னது இதுதான்: ஹைட்ரஜனால் ஒடுக்கின லூக்கோ இண்டிகோவைக் கரைசலாகவே சாயத் தொட்டியில் ஊத்தி, நூலை முக்கி, காத்தில் நீலமாக்குவது. அவ்வளவுதான். ஹைட்ரஜனால் ஒடுக்குவது புதுசான்னா, இல்லை. முதல் உலகப்போர் காலத்திலேயே ப்ரோஷே என்பவர் பேட்டன்ட் வாங்கிட்டார். காந்தி சம்பாரணில் நீல விவசாயிகளுக்காக நின்ற அதே காலம்! ஆனா பழைய முறைகளில் அந்த லூக்கோவை, காத்துப் பட்டு கெட்டுப்போகாமல் இருக்க, பசையாகவோ பொடியாகவோ ஆக்கி வச்சாங்க. அப்புறம் தொட்டியில் போட்டு மறுபடி கரைச்சாங்க. டைஸ்டார் பேட்டன்ட் அந்த நடுவேலையை விட்டுட்டது. காய வைக்காதே, நேரா ஊத்து.

ஜூரி டைஸ்டார் பக்கம் தீர்ப்பு சொன்னது. அப்பீலில் அது கவிழ்ந்தது. கவிழாமல் இருக்க டைஸ்டார் வைத்த வாதங்களில் ஒன்றைப் படிச்சப்பதான் எனக்கு பந்தியில் கேட்ட குரல் மறுபடி கேட்டது. சாயத் தொழிலில் 'தேர்ந்த ஆள்' என்பவர் ஹைஸ்கூல் படிப்பு உள்ளவர், கெமிஸ்ட்ரி தெரியாதவர், சுவிட்சைத் தட்டிக் கொடுத்த குறிப்பின்படி ஓட்டுபவர். அவருக்குப் போய் நாலு பழைய பேட்டன்ட்களைச் சேர்த்துப் பார்த்து இது தோணுமா என்பது வாதத்தின் சாரம்.

யோசிச்சுப் பாருங்க. இது சாயம் விற்கும் கம்பெனி. யாருக்கு விற்குதோ அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது என்று நிரூபித்தால் இவங்களுக்கு லாபம்!

கோர்ட் இதை ஏத்துக்கலை. இந்த பேட்டன்டில் 'தேர்ந்த ஆள்' என்பவர் சாயமேற்றும் முறையை வடிவமைப்பவர், அதுக்கு வேதியியலும் அமைப்புப் பொறியியலும் தெரிஞ்சிருக்கணும் என்றது. காய வைக்கும் வேலையை விட்டுவிடுவதில் பெரிய பாய்ச்சல் இல்லை என்ற அர்த்தத்திலும் சொன்னது. பேட்டன்ட் செல்லாது என்று முடிந்தது. சூப்பர் தீர்ப்பு.

ஆனா எனக்கு அதிலும் பாதி வாக்கியத்தோடு சண்டை இருக்கு. இந்த மாதிரி முறையை வடிவமைப்பது ஹைஸ்கூல் படிப்போடு சுவிட்ச் தட்டுபவரால் ஆகாது என்றும் கோர்ட் சொல்கிறது. அதாவது, சுவிட்ச் தட்டுபவர் ஒரு ஜாதி, முறையை வடிவமைப்பவர் வேற ஜாதி. கம்பெனி அந்த ஆளைக் காட்டி 'இவனுக்குத் தெரியாது' என்றது. கோர்ட் 'ஆமாம் இவனுக்குத் தெரியாது, அதனால வேற ஆளைக் கூப்பிடுவோம்' என்றது. ரெண்டு பேருமே திருப்பூர் பக்கம் வந்ததில்லை.

எங்க சித்தப்பா பத்தாங்கிளாஸ். வின்ச்சில் கழி போட்டுத் துணி கிண்டின காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். இப்ப சாஃப்ட் ஃப்ளோ மெஷின். பையர் அனுப்பின ஷேடு கார்டைப் பார்த்து மூணு சாயத்தின் சதவீதம் சொல்லுவார். லேப் டிப் சரியா வந்து பெரிய லாட்டில் கலர் மாறினால், தண்ணி கடினத்தன்மையா, துணியில் பெராக்ஸைடு மிச்சமா, சோடா போட்ட வேகமா என்று பிரித்துச் சொல்லுவார். பிழை எங்கேன்னு ஒவ்வொண்ணா அடைச்சு அடைச்சுத் தேடறது. இதைத்தான் நாங்க ஏசி ரூமில் உட்கார்ந்து 'டீபக்கிங்' என்று பெயர் வைத்து, அதுக்கு ஒரு டெசிக்னேஷனும் கொடுத்து ஆணி புடுங்கறோம். அவருக்கு வேதியியல் சமன்பாடு எழுத வராது. அதுக்காக அவருக்கு வேதியியல் தெரியாதா?

நம்ம சுப்ரீம் கோர்ட் இந்த விஷயத்தில் கொஞ்சம் மண்ணுக்குப் பக்கமா நின்றிருக்கிறது. 1978-ல் பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் கேஸ். உ.பி.யின் மிர்ஸாபூரில் பாத்திரம் கடையும் லேத் பற்றிய பேட்டன்ட். பாத்திரம் நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு அமைப்பு. தெரிஞ்ச பாகங்களைப் பட்டறையில் கொஞ்சம் மாற்றி வைத்ததுதான், கண்டுபிடிப்பு இல்லை என்று பேட்டன்ட் ரத்தானது. அந்தத் தீர்ப்பு சொல்லும் அளவுகோல்: திறமையான கைவினைஞர், அல்லது என்ஜினியர், வெறும் கூலிக்குச் செய்பவர் அல்ல. கவனிங்க, கைவினைஞர்தான் முதலில் வருகிறார். என்ஜினியர் அடைப்புக்குறிக்குள்! என் நண்பன் அந்த அடைப்புக்குறியை மட்டும் படிச்சிருக்கான் போல.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். இண்டிகோ கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குல்ல?

ரியாக்டிவ் சாயத்துக்கு உப்பு வேணும். பருத்தியும் சாயமும் தண்ணியில் ஒண்ணை ஒண்ணு தள்ளும். உப்புதான் சாயத்தைத் துணிகிட்ட கொண்டு சேர்க்குது. அப்புறம் சோடா போட்டால் சாயம் பிடிக்கும். உப்பு செலவாகாது, அப்படியே கழிவில் போகும். அந்த உப்புத் தண்ணி நொய்யலுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் என்ன பண்ணுச்சுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட் உத்தரவில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடினது, வடமாநிலப் பசங்க மூட்டையோட ஸ்டேஷனில் நின்றது எல்லாம் நான் ஸ்கூல் படிக்கிறப்ப கண்ணால் பார்த்தது. சித்தப்பா மாசக்கணக்கில் வீட்டில் இருந்த காலம் அது.

திரும்பத் திறந்தப்ப, ஒரு சொட்டு வெளியே விடக்கூடாது என்பது கட்டாயம். தண்ணியை ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி, உப்பைக் கெட்டியாக எடுக்கணும். ஆவியாக்கும் செலவுதான் ஆளைக் கொல்லும். அப்பதான் கேள்வி வருது: உப்பை எதுக்குக் காய வைக்கணும்? காய வச்சு எடுத்து, மறுபடி தண்ணியில் கரைச்சுத்தானே சாயத்துக்கு ஊத்தப் போறோம்? உப்புத் தண்ணியாவே சுத்தப்படுத்தி நேரா ஊத்தினா என்ன? இன்னிக்கு திருப்பூர் சுத்திகரிப்பு நிலையங்களில் இப்படி உப்புக் கரைசலாகவே திருப்பி எடுப்பது நடைமுறையில் இருக்கு. காய வைக்காதே, நேரா ஊத்து. இண்டிகோவில் பார்த்த அதே தர்க்கம்!

நாளைக்கு ஒருத்தர் 'சாயக்கழிவிலிருந்து கிடைக்கும் உப்புக் கரைசலைக் கெட்டியாக்காமல் மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை' என்று அகலமா ஒரு உரிமைக்கோரிக்கை எழுதிக்கொண்டு வந்தால்? கற்பனைதான். ஆனா பேட்டன்ட் கிடைத்தால் 20 வருஷம். செய்முறை பேட்டன்ட் என்றால் அந்த முறையைப் பயன்படுத்துவதை மட்டும் இல்லை, அதிலிருந்து நேரடியாக வரும் பொருளை விற்பதையும் தடுக்கலாம். பனியன் வரைக்கும் கை நீளும்.

இதை சித்தப்பாகிட்ட கேட்டேன். "ஏனுங் சித்தப்பா, இது யாருக்கும் தோணறதுதானுங்களே?"

உடனே ஆமாம்னு சொல்லுவார்னு எதிர்பார்த்தேன். சொல்லலை.

"நேரா ஊத்தலாம்னு எல்லாத்துக்கும் தோணும் கண்ணு. ஊத்திப் பாத்தவனுக்குத்தான் தெரியும். மொத தடவ லைட் ஷேடுல ஊத்தி ஒரு லாட்டே திட்டுத் திட்டா போச்சு. தண்ணில கடினம் இருந்துது, பழைய கலர் லேசா இருந்துது. அப்பறம் கருப்பு, நேவி மாதிரி டார்க்குக்கு மட்டும் போட்டோம். தினமும் கடினம் பாத்து, உப்பு எத்தன இருக்குன்னு பாத்து, அதுக்கு தக்கன குறைச்சுக்கிட்டோம். லைட்டுக்கு வர்றதுக்கு ரொம்ப நாளாச்சு."

இதுதாங்க விஷயம். பேட்டன்ட் எதிர்ப்புப் பேசும் நம்ம ஆட்கள் சிலரையும் இங்கே ரெண்டு கேள்வி கேட்கணும். விடை தெரிஞ்ச பிறகு எல்லாக் கணக்கும் ஈஸிதான். மூணு நாள் தேடின பிழை கடைசியில் ஒரே ஒரு கமாவாக இருக்கும். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து 'இதுக்கா மூணு நாள்?' என்பார். அந்த பக்கத்து சீட்டுப் புத்தியோடு எதையும் 'தோணக்கூடியதுதான்' என்று ஒதுக்கக் கூடாது. நேரா ஊத்தும் யோசனையையே முழுசா வளைத்துப் போட யாராவது வந்தால், அது பட்டறையில் எல்லாருக்கும் தோணின கேள்வி, கொடுக்கக் கூடாது. ஆனா இளம் நிறங்களும் திட்டில்லாமல் வர, எந்த அளவு கடினம், எந்த வரிசை, எப்படிச் சரிபார்ப்பது என்று யாரும் எதிர்பார்க்காத ஒரு வழியைக் குறுகலா எழுதிக் கேட்டால், அங்கே நின்று யோசிக்கணும். இந்த எல்லைக்கோட்டை யார் போட முடியும்? எம்.டெக். மட்டும் போதுமா? ஒரு லாட்டைக் கெடுத்துப் பார்த்தவரால்தான் முடியும். என் நண்பன் 'ஆபரேட்டர்' என்று தள்ளின அந்த ஆளால்தான், 'இது சுலபமில்லை' என்று சொல்லவும் முடிந்தது. தனக்கு ஆதாயமான பதிலை விட்டுட்டு உண்மையைச் சொன்னார் பாருங்க, அதுதான் தேர்ச்சி.

(எங்க ஆபீஸில் பேட்டன்டுக்கு ஐடியா கொடுத்தால் ஊக்கத்தொகை உண்டு. போன வருஷம் நான் ஒண்ணு எழுதிக் கொடுத்தேன். இது யாருக்கும் தோணாதா என்று ஒருத்தரும் என்னைக் கேட்கலை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். ஹி ஹி.)

இப்போ நம்ம ஊர் முதலாளிமார் பக்கம். மேடை ஏறினால் 'திருப்பூர் மூளை' என்று மீசையை முறுக்குவீங்க. அந்த மூளை எழுதின ரெசிபி நோட்டு எங்கே? லாட் கார்டு எங்கே? ஆடிட் முடிஞ்சா எடைக்குப் போடறீங்க. மாஸ்டர் வேலை மாறினால் அவரோட நோட்டும் போகுது, இல்லைன்னா கிழியுது. சம்பளப் பட்டியலில் அவரை 'ஆபரேட்டர்' என்று போட்டதும் நீங்கதான், ஜெர்மன் கம்பெனி இல்லை.

ஏன் இது முக்கியம்னா, சட்டத்தில் கதவு இருக்கு. பேட்டன்ட் கொடுக்கும் முன்பே பிரிவு 25(1)-ன்படி யார் வேணும்னாலும் எதிர்ப்பு மனு போடலாம். கொடுத்த பிறகு என்றால் ஒரு வருஷத்துக்குள், சம்பந்தப்பட்டவர் மட்டும்தான் போடலாம். ஏற்கெனவே இந்தியாவில் வெளிப்படையாகப் புழக்கத்தில் இருந்தது என்று காட்டலாம், தேர்ந்தவருக்குத் தோணக்கூடியது என்று காட்டலாம். சித்தப்பா சத்தியப் பிரமாணம் கொடுக்கலாம். ஆனா கூட தேதி போட்ட காகிதம் இருந்தால்தானே அவர் சொல்லுக்கு எடை. 2024 மார்ச்சில் விதிகளை மாத்தி இந்த முன் எதிர்ப்புக்கும் கட்டணம் வச்சுட்டாங்க; மனு நிற்கத் தகுந்ததான்னு அதிகாரி முதலில் பார்ப்பார், அப்புறம்தான் மேற்கொண்டு. வேணும்னே இழுத்தடிக்கிற மனுக்களைத் தடுக்கன்னு காரணம் சொல்றாங்க. அந்தத் தொல்லை உண்மைதான். ஆனா மருந்துக் கம்பெனிக்கு அது ஒரு டீ செலவு. பத்தாங்கிளாஸ் டையிங் மாஸ்டருக்கு அப்படியா? வாசலில் நிற்கும்போதே 'நீ யார்?' என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்லுவார், ஆபரேட்டர்னா?

நண்பனுக்குப் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். "மச்சி, நீ எமோஷனலா பேசற, எங்களுக்கு டாக்குமென்ட் வேணும்"னான். நியாயம்தான்.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய் சித்தப்பா வீட்டுப் பரணில் ஏறினேன். மூணு நோட்டு கிடைச்சது. ஒண்ணு தண்ணி பட்டு ஒட்டிப்போயிருக்கு, பிரிக்க வரலை. இன்னொண்ணில் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, லாட் நம்பர், ஓரத்தில் ஒட்டின துணித் துண்டு, உப்பு இத்தனை கிராம், கடினம் இத்தனை என்று பென்சிலில். பென்சில் மங்கிட்டு வருது. சித்தி முறுக்கு டப்பாவை வச்சுட்டுப் போனாங்க. நான் ஒவ்வொரு பக்கமா போனில் படம் எடுத்தேன். நாற்பது பக்கம் முடிஞ்சிருக்கு, இன்னும் நூறுக்கு மேல இருக்கு. அடுத்த வாரம் லீவு கேட்டிருக்கேன்.